ஒரு கைக் கும்பிடு

அவருடைய குடைக்கு ஒரு கயிறு உண்டு. ஒரு முனை குடைப்பிடியில், மறுமுனை அவருடைய இடது மணிக்கட்டில். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்தக் கட்டு அவிழாது. மூக்குக் கண்ணாடிக்குப் பிடரி வழியாக ஒரு நூல். சாவிக்கு இடுப்பில் ஒரு கயிறு. சட்டைப் பையின் வாயில் குறுக்காக இரண்டு ஊக்கு. ஐசி என்று நாங்கள் சொல்லும் அடையாள அட்டை, எண்ணெய்த்துணியில் தைத்த ஒரு பையில் கழுத்தோடு தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். நாங்கள் மலாக்காவில் காஜா பேராங்குக்குக் குடிவந்த முதல் நாள், வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றடியில் அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இடுப்பில் துண்டு, கழுத்தில் பை, மணிக்கட்டில் குடை. "என்னங்க, பக்கத்து வீட்டுக்காரரு குடையோட குளிக்கிறாரு" என்று என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "குளிக்கிற மனுசனை உனக்கென்ன பார்வை, கதவைச் சாத்து" என்றார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பெயரைக்கூட ஒருத்தரிடம் சும்மா தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பது அவர் கட்சி. நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். நாலு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த பழக்கத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். என் வீட்டுக்காரர் ரப்பர் வாங்கும் கடை ஒன்றில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் கடையை விட்டு வருவார். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த வீட்டு வரிசையில் யாருக்கு ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றாலும் என் அடுப்படிக் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என் கையையே எனக்குப் பிடிக்காமல் போகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் பெட்டி தூக்குகிறவர். விமான நிலையம் என்றதும் கண்ணாடி, படிக்கட்டு, ஒலிபெருக்கி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக்கூரைக் கட்டடம், ஒரு தராசு, பத்து நாற்காலி, சுற்றிலும் லாலாங் புல். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் சின்ன விமானம் போகும் வரும். சீட்டை நீட்ட வேண்டும், பெட்டியை நிறுக்க வேண்டும், அவ்வளவுதான். அதே தராசில் ஆளையும் ஏற்றி நிறுப்பார்கள். நம் பெண்கள் வெட்கத்தில் நெளிவார்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் பெட்டியத்தாம்மா பாக்கறேன், ஏறுங்க" என்பார். அங்கே யாரும் யாரிடமும் பாஸ்போர்ட்டு கேட்டதில்லை, வேறு எந்தக் கடுதாசியும் கேட்டதில்லை. உள்ளூர் விமானம்தானே. இது முக்கியம், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளை ஏற்றுவதோடு அவர் நிறுத்திக்கொள்ள மாட்டார். வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்துவார். கைப்பையைக் காலுக்கு நடுவில் வை. வாரைக் காலில் சுற்றிக்கொள். நகையைப் பெட்டியில் போடாதே, உடம்போடு வை. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று உரக்கப் பேசாதே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எந்த ஊர் என்று கேட்டால் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார். பெட்டிக்குப் பூட்டு மட்டும் போதாது, மேலே கயிறு கட்டு. கயிற்றில் உன் முடிச்சைப் போடு, ஊரார் முடிச்சைப் போடாதே. அவருக்கென்று ஒரு முடிச்சு இருந்தது. மூன்று சுற்று, நடுவில் ஒரு திருப்பு, நுனியை உள்ளே செருகி விடுவார். நான் எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், அந்த நுனி எங்கே போகிறது என்று பிடிபட்டதே இல்லை.

அவருக்கு ஜென்மப் பகை மாலைதான். நம் ஆட்கள் ஒருத்தர் விமானம் ஏறினால் இருபது பேர் வழியனுப்ப வருவார்கள். மாலை போடுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள். மாலை விழுந்ததும் போகிறவர் இரண்டு கையையும் கூப்ப வேண்டுமே, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். இருபது பேரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள், ஒருத்தரும் தரையைப் பார்ப்பதில்லை. ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு தவுக்கே முதலாளி இப்படித்தான் கும்பிட்டு நிமிர்ந்தார், காலடியில் இருந்த தோல்பை இல்லை. அன்றிலிருந்து அண்ணன் கத்த ஆரம்பித்தார்.

என் கொழுந்தன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது நாங்களும் மாலையோடு போயிருந்தோம். என் மாமியார் ஒப்பாரி வைக்காத குறை. கொழுந்தன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினான், அவ்வளவுதான்.

"டேய் தம்பி! கும்பிடறதுக்கு எதுக்குடா ரெண்டு கை? ஒரு கையால கும்பிடு! இன்னொரு கை பையில இருக்கட்டும்!"

திடலே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போய்விட்டது. கொழுந்தன் பயந்துபோய் ஒரு கையைக் குனிந்து பையில் வைத்துக்கொண்டு, மறுகையை நெஞ்சுக்கு நேரே தூக்கினான். என் மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு, "யாருடி இந்தக் கிறுக்கன்?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

ஊருக்கு மட்டும் உபதேசம் என்று அவர் இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கோயிலில் சாமிக்கு முன்னால்கூட அவர் ஒரு கையால்தான் கும்பிடுவார். மறுகை கழுத்துப் பையின் மேல் இருக்கும்.

எங்கள் வரிசைக்குப் பின்னால் மலாக்கா செட்டிக் குடும்பங்கள் இருந்தன. பேச்சு மலாய், சாமி நம் சாமி. அதில் ஒரு அக்கா கோலாலம்பூரில் கல்யாணத்துக்கு விமானத்தில் போனாள். கெபாயா சட்டையில் பொன் ஊக்குகள் மூன்று பளபளக்க வந்து நின்றாள். அண்ணன் அதைக் கழற்றி உள்ளே குத்திக்கொள்ளச் சொன்னார். உள்ளே குத்தினால் அதை யார் பார்ப்பார்கள் என்று அவள் மலாயில் கேட்டாள். "பென்ச்சூரி பூன் தெங்கோ" என்றார் அண்ணன். திருடனும்தான் பார்ப்பான் என்று அர்த்தம். அந்த அக்கா சிரித்துச் சிரித்துத் தராசிலிருந்து இறங்கவே மறந்துவிட்டாள். ஆனால் இறங்கியதும் கழற்றி உள்ளே குத்திக்கொண்டாள்.

எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பைத்தியத்தில் இது ஒரு வகை என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் மத்தியானம் அவர் ஊரிலிருந்த மகளுக்குக் கடிதம் எழுதி வாங்க வந்தபோது வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, இப்படி எல்லாத்தையும் கட்டிக்கிட்டே திரியிறீங்க? யாருண்ணே தூக்கிட்டுப் போயிருவான்?"

அவர் எங்கள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் வர மாட்டார். குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

யுத்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஒரு வருஷம் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறார். மனைவி முழுகாமல் இருந்தாள், பிள்ளை பிறந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியபோது காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒருத்தன் வந்து, பெட்டியைக் காட்டு, சோதனை என்றிருக்கிறான். இவர் தகரப் பெட்டியைக் கொடுத்தார். அவன் அதை எடுத்துக்கொண்டு ஒரு கதவுக்குள் போனான். அந்தக் கதவு மறுபக்கம் தெருவுக்குத் திறக்கும் கதவு.

"கேட்டான், குடுத்தேன்" என்றார். "அதுல என்னா பெருசா இருந்துச்சு? ரெண்டு வேட்டி. ஒரு சீப்பு. எங்க கல்யாணப் போட்டோ."

குடைப்பிடியைத் தடவிக்கொண்டே மேலே சொன்னார்.

"பிள்ளையப் பெத்த அஞ்சாவது மாசம் அவ போயிட்டா தங்கச்சி. வேற போட்டோ கிடையாது. மொதல்ல கொஞ்ச நாள் மொகம் ஞாபகத்துல இருந்துச்சு. இப்ப சரியா வர மாட்டேங்குது. மூக்குத்தி மட்டும் வருது."

அதற்குப் பிறகு நான் குடையைப் பார்த்துச் சிரித்ததில்லை.

பிறந்த பெண்ணைத் தாய்மாமன் வளர்த்தார், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில். அண்ணன் அவளைக் கண்ணால் கண்டதில்லை. பத்து வயதில் பூஜாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த ஒரு படம் வந்தது. அது ஐசியோடு கழுத்துப் பைக்குள் இருந்தது. என்னிடம் ஒரே ஒரு முறை காட்டினார். காட்டினார் என்றால், அவர் விரலை விட்டுப் படம் வெளியே வரவில்லை. நான் குனிந்து அவர் கைக்குள்ளேயே பார்க்க வேண்டியிருந்தது. ஒல்லியாக, பெரிய கண்ணோடு, கையை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். படம் எடுக்கிறவன் திறக்கச் சொல்லியும் அவள் திறக்கவில்லை என்று மாமன் எழுதியிருந்தாராம். "கையில என்னா வச்சிருந்தாளோ!" என்று அண்ணன் சொல்லும்போது முகமெல்லாம் பல்லாக இருந்தது. அப்பனைப் போலப் பிள்ளை என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாடு சுதந்திரம் வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் குடியுரிமை எழுதிக்கொண்டுவிட்டார். மகளைக் கூப்பிட்டுக்கொள்ள மனுப் போட்டிருந்தார். ஆனால் பிள்ளைக்குப் பதினைந்து முடிந்துவிட்டால் அப்பனோடு சேர வர முடியாது என்று சட்டம் ஆகியிருந்தது. மனு எந்த மேசையில் தூங்கியதோ, பெர்மிட்டு கையில் கிடைத்தபோது அவளுக்குப் பதினைந்து முடிய ஏழு வாரம்தான் மிச்சம். பெர்மிட்டிலேயே அந்தத் தேதி போட்டிருந்தது, அதற்குள் வந்து இறங்கிவிட வேண்டும். கப்பலில் இடமில்லை. சரி, பிளேனில் வரட்டும் என்று முடிவு பண்ணினார். பத்து வருஷமாக மற்றவர்கள் பெட்டியை விமானத்தில் ஏற்றியவர், ஒரு நாளும் ஏறியதில்லை. "என் மக பறந்து வரப்போறா தங்கச்சி" என்று அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் சொன்னார். எவனிடமும் எதையும் சொல்லாதே என்று உபதேசம் செய்த மனுஷர்!

மெட்ராசிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு விமானம், அங்கிருந்து பத்து பெரெண்டாமுக்கு இன்னொன்று. மூவாரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் அதே விமானத்தில் திரும்பினார், அவர் துணை. பாஸ்போர்ட்டை மாமன் எடுத்து வைத்திருந்தார். பெர்மிட்டை இங்கிருந்து அனுப்ப வேண்டும். அண்ணன் அதை எண்ணெய்த்துணியில் வைத்து, பெட்டி கட்டும் மெழுகு நூலால் நாலு பக்கமும் தானே தைத்தார். பாவாடைக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்ள இரண்டு நாடா வைத்தார். தபாலாபீசில் பதிவுத் தபால் முத்திரை விழுகிற வரைக்கும் பொட்டலத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். அங்கிருந்த கிராணி கையைத் தட்டிவிட்டபிறகுதான் விட்டார்.

அதோடு போன கடிதத்தை எழுதியது நான். காலை பதினோரு மணி இருக்கும். அடுப்பில் பருப்பு. அவர் படியில் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். பெட்டிக்குக் கயிறு எப்படிக் கட்டுவது என்று முடிச்சைப் படம்கூட வரைந்தேன், அவர் படிமேல் ஒரு கயிற்றை வைத்துக் காட்டக் காட்ட. பிறகு பெர்மிட்டுக்கு வந்தார்.

"இந்தப் பையப் பிரிக்காத. இடுப்புல கட்டிக்க. இது உங்கிட்ட இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கூட வர்ற பெரியவருக்கும் தெரியக் கூடாது. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லு. எழுதுங்க."

எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன்.

"அண்ணே, ஆபீசர் கேட்டா?"

"எந்த ஆபீசரு?"

"எனக்கென்னண்ணே தெரியும். ஏர்ப்போட்டுல யாராச்சும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, நான் பத்து வருசமா ஏர்ப்போட்டுலதான் இருக்கேன். ஒருத்தன் ஒரு சூராட்டு, ஒரு கடுதாசி கேட்டு நான் பாத்ததில்ல. கேக்கறான்னா அவன் எடுக்கத்தான் கேக்கறான். காக்கி போட்டவன் எல்லாம் ஆபீசரா? பாஸ்போட்டு பெரியவர் கையில இருக்குல்ல, அது போதும். இங்க எறங்கட்டும், நான் இருக்கேன், நானே பிரிச்சுக் காட்டறேன்."

பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டது. நான் எழுந்து ஓடினேன். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினேன். ஏர்ப்போட்டிலேயே வேலை செய்கிற மனுஷருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எனக்குக் கேட்கத் தோன்றியதே! தோன்றிய பிறகு ஏன் விட்டேன்? இந்த அறுபது வருஷத்தில் இதைத்தான் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், பருப்பு பொங்கியது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

விமானம் வரும் நாள் அண்ணன் லீவு போடவில்லை. தன் மகள் பெட்டியைத் தானே இறக்க வேண்டும் என்று ஆசை. சாயங்காலம் நாலரை மணி. நானும் என் வீட்டுக்காரரும், பின்வீட்டு செட்டி அக்காவும் போயிருந்தோம். அக்கா ஒரு டப்பா நிறையப் பலகாரம் செய்து எடுத்து வந்திருந்தாள். நான் ஒரு மாலை வாங்கியிருந்தேன். அண்ணன் மாலையைப் பார்த்தார். "இன்னிக்கு மட்டும் விட்டுத் தள்ளுங்கண்ணே" என்றேன். "நான் நிக்கறேன்ல, அவ ரெண்டு கையாலயே கும்பிடட்டும்" என்றார்.

விமானம் இறங்கியது. விசிறிகள் நின்றதும் அண்ணன் தள்ளுவண்டியோடு ஓடினார். ஆட்கள் இறங்கும் கதவு திறக்கும் முன்னாலேயே வால்பக்கத்துக் கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினார். இரண்டு தோல்பெட்டி, ஒரு கூடை, பிறகு ஒரு பச்சை டிரங்குப் பெட்டி. அதைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். எனக்கு இங்கிருந்து அவர் முதுகுதான் தெரிந்தது. சட்டென்று எழுந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"தங்கச்சி! முடிச்சப் பாத்தீங்களா! நான் சொன்ன மாதிரியே கட்டியிருக்கா! அப்படியே இருக்கு! ஒருத்தன் கை படல!"

அப்புறம்தான் முன்கதவு திறந்தது. ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். இரண்டு சீனர்கள். கைக்குழந்தையோடு ஒரு மலாய்த் தம்பதி. கடைசியில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. விமானத்துப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியவர் நேராக அண்ணனிடம்தான் வந்தார், அடையாளம் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது, மணிக்கட்டில் குடை. நாங்களும் ஓடிப் போனோம்.

"மெட்ராசுல ஏத்த மாட்டேன்னுட்டாங்கப்பா. பெட்டிய நிறுத்து உள்ள அனுப்பியாச்சு, எம் பேருலதான். அதுக்கப்புறம் மேசையில உக்காந்திருந்தவரு பாஸ்போட்டப் பாத்துட்டு, மலாயா போறதுக்குப் பெர்மிட்டு எங்கன்னாரு. எனக்குத் தெரியல. பிள்ளையக் கேட்டேன். இல்லன்னுருச்சு. அந்த ஆபீசரும் நல்ல மனுசன்தான், மூணு வாட்டி கேட்டாரு. நல்லாத் தேடிப் பாரும்மான்னாரு. தலையத் தலைய ஆட்டுது. அழுவக்கூட இல்ல. ரெண்டு கையையும் இடுப்புல வச்சு அழுத்திக்கிட்டு அப்படியே நிக்குது. மாமன் வெளிய வேலிக்கு அந்தாண்ட. எனக்குப் பிளேனு கெளம்புது, நான் என்னா செய்யட்டும்?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அவர் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தார். மறுகையை நெஞ்சுக்கு நேரே தூக்கினார்.

"பெட்டியப் பத்திரமா கொண்டாந்து சேத்தீங்க. ரொம்ப நன்றிங்க" என்றார்.

என் கையில் மாலை இருந்தது. செட்டி அக்கா என்ன ஆயிற்று என்று மலாயில் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பதினைந்து முடிய நாலு நாள் இருந்தது. மெட்ராசிலிருந்து அடுத்த விமானம் ஏழாம் நாள். தந்தி கொடுத்தோம், பதில் தந்தி வந்தது, என் வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு எடுத்து அவரோடு பெர்மிட்டு கொடுத்த ஆபீசுக்கு அலைந்தார். அங்கே யாரும் கடுமையாகப் பேசவில்லை. உட்கார வைத்து, காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தேதி போயிருச்சே ஐயா" என்றார்கள். அதற்குப் பிறகு அண்ணன் ஐந்து தடவை தனியாகப் போனார். ஐந்து தடவையும் அதே பதில்தான்.

திடலில் அவர் கத்துவது நின்றுபோனது. மாலையோடு கூட்டம் வரும், இரண்டு கையாலும் கும்பிடுவார்கள், பை தரையில் கிடக்கும். அண்ணன் எதுவும் சொல்லாமல் போய் அந்தப் பைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். அவர்கள் கும்பிட்டு முடித்துக் குனிந்து பையை எடுத்ததும் நகர்ந்துவிடுவார். அவர் எதற்கு அங்கே நின்றார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

பச்சைப் பெட்டி அவர் வீட்டில் கட்டில் பக்கத்தில் இருந்தது. திறக்கவில்லை. "அவ சாமான், அவ வந்து தெறக்கட்டும்" என்றார். நாங்கள் உஜோங் பாசிருக்கு வீடு மாறிப் போன பிறகும், எப்போது போய்ப் பார்த்தாலும் அது அங்கேயே இருந்தது. அவளுக்கு ஊரிலேயே கல்யாணம் ஆயிற்று. போய் வாருங்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். போனால் திரும்பி வரும்போது எவனாவது ஏதாவது கேட்பான் என்றார். நிஜமாகவே அதற்குப் பயந்தாரா, அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தாரா, எனக்குத் தெரியாது. போகவில்லை. அவர் செத்த பிறகு அந்தப் பெட்டியை நாங்கள்தான் கப்பலில் அவளுக்குத் திருப்பி அனுப்பினோம். முடிச்சை யாரும் தொடவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அவள் எழுதிய கடிதத்தைப் பற்றி. விமானம் வந்த பன்னிரண்டாம் நாள் அது வந்தது. ஆபீசில் முதல் தடவை இல்லை என்று சொல்லியிருந்த வாரம். அண்ணன் அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். படியில் உட்கார்ந்தார். நான் பிரித்து வாசித்தேன். குண்டு குண்டான எழுத்து. பாதியில் நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன், முடியவில்லை, அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். நீங்கள் சொன்னபடி பையை இடுப்பில் கட்டிக்கொண்டேன். விமான நிலையத்தில் ஒருவர் மூன்று தரம் கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். கூட வந்த தாத்தா கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் மாமா கேட்டார். வழியில் ஆட்கள் இருந்ததால் அவரிடமும் சொல்லவில்லை. ரயிலில் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் காட்டினேன். மாமா என்னை அடித்துவிட்டார். ஏன் என்று தெரியவில்லை. நீங்கள் திட்ட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தைத்த நூல் அறுபடவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த விமானம் எப்போது என்று எழுதவும்."

நான் காகிதத்தை மடித்தேன். எனக்குக் கண் மறைத்தது. அவர் அழவில்லை. குடைக் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"பதில் எழுதிருவோம் தங்கச்சி."

"என்னண்ணே எழுதறது?"

"கெட்டிக்காரின்னு எழுதுங்க."

"அண்ணே..."

"நல்ல பிள்ள. அப்பா சொன்னத அப்படியே செஞ்சிருக்கேன்னு எழுதுங்க. யாரு அடிச்சாலும் நீ செஞ்சது சரின்னு எழுதுங்க."

"தேதி போயிருச்சுன்னு சொல்ல வேணாமாண்ணே? இனிமே வர முடியாதுன்னு? பிள்ள அடுத்த பிளேனு எப்பன்னு கேக்குதே. தப்பு அவ மேல இல்லன்னாவது..."

"தப்புங்கற வார்த்தையே அதுல இருக்கக் கூடாது" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "இருந்துச்சுன்னா, யாரு பண்ணுன தப்புன்னு அவ தேட ஆரம்பிப்பா. பதினஞ்சு வயசுப் பிள்ள. தேடித் தேடி அவகிட்டயேதான் போயி நிப்பா. வேணாம். மத்ததெல்லாம் மாமன் சொல்லிக்குவான். அப்பன்கிட்டயிருந்து இது மட்டும் போகட்டும்."

எழுதினேன். இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். உறையில் போட்டு ஒட்டி அவரிடம் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்து, இரண்டு ஊக்கையும் குறுக்காகக் குத்திக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, ஒரு கையைச் சட்டைப் பையின் மேல் வைத்துக்கொண்டு, மறுகையால் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தபாலாபீசுக்கு நடந்தார்.

யார் கேட்டாலும் இல்லை என்று சொல் என்று எழுதியது என் கைதான். நீ செய்தது சரி என்று எழுதியதும் இதே கைதான். இரண்டு கடிதமும் தவறாமல் அவளிடம் போய்ச் சேர்ந்தன.